ஏலத்தில் போன நாற்காலிகள்

களைப்புற்று வந்த புலவர் ஒருவர், அரண்மனையில் மெத்தென்றிருந்த கட்டில் ஒன்றைக் கண்டு அதன்மேல் ஏறிப் படுத்து உறங்கிப் போனார். அஃது அரசனின் முரசம் வீற்றிருக்கும் கட்டில்; முரசம் நீராட்டுக்குச் சென்றிருந்த வேளை. அதில் ஏறியவரை வாளால் வெட்டுவதே அக்கால முறை. ஆயின் அங்கு வந்த சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை, உறங்குபவர் மோசிகீரனார் என்று கண்டதும் அவர் விழிக்கும் வரையில் விசிறி கொண்டு வீசி நின்றான். புறநானூற்றின் 50-ஆம் பாடல் தரும் இச்செய்தியை நம் சங்க மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஓர் இருக்கையின் மதிப்பு அதன் மரத்தில் இல்லை, அதன்மேல் அமர்வது எது என்பதில் இருக்கிறது என்று நம் முன்னோர் கருதியதற்கு அது சான்று. இக்கட்டுரையில் நாம் சொல்லப் புகுவது ஏறக்குறைய அதற்கு நேர்மாறான வரலாறு: எவரும் மதியாமல் கழித்துக் கட்டிய இருக்கைகள், கடல் கடந்ததும் அரசு கட்டிலின் மதிப்பைப் பெற்ற வரலாறு.

நம் பழைய இல்லங்களில் அமர்வதற்குத் திண்ணை இருந்தது. கூடத்தில் ஊஞ்சல் இருந்தது. உண்ணும்போது மணை, உறங்கும்போது பாய் அல்லது கட்டில். முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி, உறக்கமும் விழிப்பும் அல்லாத ஒரு நிலையில் பகற்பொழுதைப் போக்குவதற்கென்றே தனி ஆசனம் செய்யும் வழக்கம் நமக்கு ஐரோப்பியரோடு வந்தது. வந்த பிறகு நாம் அதை விடவில்லை. மரச்சட்டங்கள் இரண்டு, குறுக்குக் கழிகள் சில, கோடு போட்ட கித்தான் துணி ஒன்று - இவ்வளவே கொண்ட 'ஈசிசேர்' இல்லாத நடுத்தரக் குடும்பம் ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் அரிது. அதில் அமரும் உரிமை வீட்டின் மூத்தவருக்கே உண்டு. அவர் எழுந்து சென்ற சமயம் பார்த்துத் துணியைத் தாங்கும் கழியை உருவி வைத்துவிட்டு, கதவிடுக்கில் மறைந்து நின்று சிரித்த குற்றத்தை, இம்மலரைப் படிக்கும் அன்பர்களில் பாதிப்பேராவது செய்திருப்பர். நாமும் செய்தோம், அதற்குரிய தண்டனையும் பெற்றோம். தோப்பில் முகமது மீரான் தம் புதினத்துக்குச் 'சாய்வு நாற்காலி' என்றே பெயரிட்டார். 1997-இல் அது சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்றபடியே பழம்பெருமையில் சாய்ந்து கிடக்கும் ஒருவரின் கதை அது. அதைப் படித்த நாளில், நம்மைப் பற்றியும் இவர் எழுதியிருக்கிறாரோ என்ற ஐயம் நமக்கு எழுந்ததுண்டு. காரணம் பின்னால் வரும்.

இவ்வாராய்ச்சியில் நாம் இறங்கியது குடும்பத் தேவை ஒன்றின் பொருட்டே. அன்னையார் மறைவுக்குப் பின் கும்பகோணத்தில் தனியே இருந்துவந்த நம் தந்தையார், ஒருவாறு தில்லிக்கு வந்து நம்மோடு தங்க இசைந்தார். அரசுக் குடியிருப்பின் இரண்டு அறைகளில் அவருக்கென நாம் ஒதுக்கக் கூடியது மேற்குப் பார்த்த தாழ்வாரம் ஒன்றுதான். அங்கு ஒரு சாய்வு நாற்காலி போட்டுவிட்டால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார் என்று இல்லத்தரசி சொன்னார். ஊரிலிருந்த பழைய ஈசிசேரோ, வீட்டை வாடகைக்கு விட்ட சமயத்தில் பித்தளை அண்டாவோடு பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. ஆகவே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் லஜ்பத் நகரை அடுத்த அமர் காலனிச் சந்தையில் கழிந்தன.

வெவ்வேறு நகரங்களில் வாழும் தமிழன்பர்களுக்குத் தத்தம் ஊரில் இத்தகைய இடம் ஒன்று தெரிந்திருக்கும். மும்பை அன்பர்களுக்குச் சோர் பஜாரின் மட்டன் தெரு. கல்கத்தா அன்பர்களுக்கு ரஸ்ஸல் தெருவின் ஏல இல்லங்கள், அவற்றில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில. கொச்சியில் மட்டாஞ்சேரியின் யூதர் தெரு. ஊருக்குப் போகும்போது பார்க்க விரும்புவோருக்குக் காரைக்குடியின் முனீஸ்வரன் கோயில் தெரு உண்டு. செட்டிநாட்டு வீடுகள் பாகம் பிரிக்கப்பட்டபோதும் இடிக்கப்பட்டபோதும் வெளிவந்த பர்மாத் தேக்குச் சாமான்கள் அங்கே குவிந்தன. அத்தெருவில் நடக்கும்போது, பொருளின் அழகில் மகிழ்வதா, அது வந்த வழியை எண்ணி வருந்துவதா என்று நமக்கு விளங்குவதில்லை.

அமர் காலனியில் நமக்கு நாற்காலி காட்டிய கடைக்காரர் மூன்று சொற்களை மாறி மாறி வழங்கினார். கைப்பிடி நீண்டு கிடந்த ஒன்றைக் காட்டி 'ஆன்டீக்' என்றார். பிரம்பு தொய்ந்த மற்றொன்றை 'விண்டேஜ்' என்றார். கவிழ்த்து வைத்த எழுத்தைப் போலச் சாய்ந்த கால்களையுடைய மூன்றாவதைத் துணியால் துடைத்தபடி, குரலைச் சற்றுத் தாழ்த்தி 'சண்டீகர்' என்றார். விலையும் அவ்வரிசையிலேயே ஏறியது. மூன்றாவதன் விலை நம் மாதச் சம்பளத்தில் பாதி. வரலாற்றைப் பட்டப்படிப்பில் பாடமாகப் படித்தவர் என்ற முறையில் அம்மூன்று சொற்களின் பொருளையும் தெரிந்துகொண்டபின் வாங்குவோம் என்று திரும்பிவிட்டோம்.

முதற்சொல்லுக்குச் சட்டமே பொருள் சொல்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், குறைந்தது 100 ஆண்டுப் பழமையுடைய பொருளையே தொல்பொருள் என்கிறது. கையெழுத்துச் சுவடிகளுக்கு மட்டும் 75 ஆண்டு. அத்தகைய பொருளைத் தனியார் எவரும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக இயலாது. விற்பனை செய்வோருக்கு உரிமம் வேண்டும். சந்தையில் 'ஆன்டீக்' என்று கூவி விற்கப்படுவனவற்றில் பெரும்பான்மை இந்த வரையறைக்குள் வாரா. நூறாண்டு ஆகாத பழையதை 'விண்டேஜ்' என்பது வணிகர் வழக்கு. சட்டத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. சட்டத்தில் இல்லாத பொருளுக்குச் சட்டத்தின் காவலும் இல்லை. இந்தச் சிறு இடைவெளி வழியாகவே பின்னால் நாம் சொல்லப் போகும் நாற்காலிகள் வெளியேறின.

நாற்காலி செய்வதில் நம் தச்சர் பிற்பட்டவர் அல்லர் என்பதற்கு 17-ஆம் நூற்றாண்டுச் சான்று ஒன்றைச் சொல்ல வேண்டும். சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கோட்டை கட்டி வணிகம் செய்த அந்நாளில், அவர்கள் தந்த மாதிரியை வைத்து நம் கரையோரத் தச்சர்கள் கருங்காலி மரத்தில் முறுக்குக் கால்களும், பூவும் கொடியும் செதுக்கிய முதுகுகளும் கொண்ட நாற்காலிகளைச் செய்தனர். அவற்றுள் பல கப்பலேறின. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, ஹொரேஸ் வால்போல் என்னும் ஆங்கிலப் பிரபு அத்தகைய நாற்காலிகளைத் தேடித் தேடி வாங்கித் தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் வைத்தார். அவை தம் நாட்டின் டியூடர் மன்னர் காலத்தவை என்பது அவரது உறுதியான நம்பிக்கை. அவர் பெரிய படிப்பாளி, பழம்பொருள் பித்தர். ஆயினும் கருமையையும் கனத்தையும் கண்டு, இவை நம் முன்னோர் செய்தவை என்று முடிவு கட்டிவிட்டார். அவர் சேர்த்தவை 1842-இல் ஏலத்தில் சிதறின. அந்நாற்காலிகளின் தாயகம் நம் கிழக்குக் கரை என்பதைப் பிற்கால அறிஞர்கள் நிறுவினர். செய்த தச்சரின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிட்டவில்லை.

பிரம்பின் கதையும் இதையொட்டியதே. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் பிரம்பு சென்ற பிறகே, 1660-களுக்குப் பின், ஆங்கில நாட்டில் பிரம்பு பின்னிய நாற்காலி பரவியது. வெப்ப நாட்டில் அதன் அருமை இன்னும் அதிகம்; வியர்வை தங்காது, காற்று புகும், மூட்டைப்பூச்சியை வெயிலில் போட்டு விரட்டலாம். 19-ஆம் நூற்றாண்டில் தேயிலை, காப்பித் தோட்டத் துரைமார் தம் பங்களா வராந்தாக்களில் போட்டுக்கொண்ட 'பிளாண்டர்ஸ் சேர்' இதன் முழு வளர்ச்சி. கைப்பிடிக்குக் கீழே மடங்கியிருக்கும் பலகையை முன்னே திருப்பினால் கைப்பிடி இரு மடங்கு நீளும். அதன்மேல் இரு கால்களையும் தூக்கிப் போட்டுக்கொண்டு துரை சாய்ந்திருப்பார், பூட்ஸைக் கழற்ற ஓர் ஆள் வருவான். தேக்கிலும் தோதகத்தியிலும் செய்யப்பட்ட இதுவே அமர் காலனிக் கடைக்காரர் நமக்கு முதலில் காட்டியது. நம் தந்தையார் அதில் அவ்வாறு கால் நீட்டிச் சாய்வாரா என்று எண்ணிப் பார்த்தோம். பேரப்பிள்ளைகள் எதிரே காலை நீட்டக்கூடாது என்று அவரே மறுத்துவிடுவார்.

இதே காலத்தின் இறுதியில் ரூர்க்கியிலிருந்த பட்டாளத்துப் பொறியாளர் படைவீரர்களுக்கென்று மடக்கு நாற்காலி ஒன்றை உருவாக்கினர். ஆணியோ திருகோ இன்றிக் கழிகளைச் செருகி, வாரால் இறுக்கி, கித்தான் துணியைக் கட்டிவிட்டால் நாற்காலி. அவிழ்த்தால் ஒரு சிறு மூட்டை. ஊர் பேரால் 'ரூர்க்கி சேர்' என்று அது உலகெங்கும் அறியப்பட்டது. 1928-இல் பாரிஸில் லெ கார்புசியே, அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜானரே, சார்லொட் பெரியாண்ட் ஆகிய மூவரும் எஃகுக் குழாயில் அமைத்த நாற்காலி ஒன்றுக்கு இந்த ரூர்க்கி நாற்காலியே தூண்டுதல் என்பர். அம்மூவரும் அதே ஆண்டில் அமைத்த எஃகுச் சாய்வு நாற்காலி இன்றும் புகழ் குன்றாமல் விற்கிறது. அவர்களுள் நடுவில் சொன்ன பியர் ஜானரேதான் இனி நம் கதைக்குரியவர்.

1947 பிரிவினையில் பஞ்சாப் தன் தலைநகராகிய இலாகூரை இழந்தது. புதிய தலைநகருக்கு முதலில் திட்டம் வகுத்த இருவருள் மேத்யூ நோவிக்கி என்பவர் 1950-இல் விமான விபத்தில் மாண்டார். அதன்பின் 1951-இல் லெ கார்புசியே அழைக்கப்பட்டார். அவரோடு ஜானரேயும், மேக்ஸ்வெல் ஃபிரை, ஜேன் ட்ரூ தம்பதியரும் வந்தனர். கார்புசியே ஆண்டுக்கு இருமுறை வந்து பார்த்துச் செல்பவர். ஜானரேயோ அங்கேயே தங்கினார்; ஓராண்டு ஈராண்டன்று, 1965 வரையில். வெயிலும் புழுதியுமான அச்சமவெளியில் ஒரு சிறு வீட்டில் வாழ்ந்து, பள்ளிகளும் எழுத்தர் குடியிருப்புகளும் பல்கலைக்கழகக் கட்டடங்களும் வரைந்து தள்ளினார். உடல்நலம் குன்றி ஜெனிவா திரும்பிய அவர் 1967-இல் மறைந்தார். அவர் விருப்பப்படி அவருடைய சாம்பல் 1970-இல் சண்டீகரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. அயலூர்ப் பிழைப்புக்கு வந்த நம்மைப் போன்றோருக்கு இச்செய்தி மனத்தில் நிற்கும்.

புதிய தலைநகர் என்றால் கட்டடம் மட்டும் போதுமா? தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், சட்டமன்றம், பல்கலைக்கழகம், நூலகம், விடுதி இவை அனைத்துக்கும் ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கில் நாற்காலியும் மேசையும் அலமாரியும் வேண்டும். எஃகு அரிது, அந்நியச் செலாவணி அதைவிட அரிது. கிடைத்தவை தேக்கும், சீசம் மரமும், பிரம்பும், கூலிக்குக் காத்திருந்த தச்சர்களும். பாரிஸில் எஃகுக் குழாய் வளைத்தவர் இங்கே தேக்குக் கட்டையை எடுத்துக்கொண்டார். இரண்டு கட்டைகளைக் கவராயத்தின் கால்களைப் போல விரித்து இணைத்தார். அந்தக் கவைகள் இரண்டு இருபுறமும் நிற்க, நடுவே இருக்கையும் முதுகும் பிரம்பில் பின்னப்பட்டன. சாய்வு நாற்காலிகளுக்கு அதே கால்களைத் தாழ்த்திப் பின்னோக்கிச் சரித்தார். எளிய உளியும் இழைப்புளியும் உள்ள எந்தப் பட்டறையும் செய்யக்கூடிய வடிவம். நாற்காலி வடிவமைப்பில் அவரோடு உழைத்தவர்களுள் ஊர்மிளா யூலி சௌத்ரி என்னும் இந்தியக் கட்டடக்கலை அம்மையார் குறிப்பிடத்தக்கவர். பிற்காலத்தில் தலைமைக் கட்டடக் கலைஞராக உயர்ந்தவர். வேலை பல பட்டறைகளுக்குப் பகிர்ந்து தரப்பட்டமையால் ஒரே வகை நாற்காலிகளுக்குள்ளும் அளவு சிறிது வேறுபடும். நீதிபதிக்கு ஒரு வகை, அதிகாரிக்கு ஒரு வகை, எழுத்தருக்கு ஒரு வகை என்ற வருணாசிரமம் அங்கும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆயினும் எழுத்தருக்கு வாய்த்ததும் நல்ல தேக்கு; நல்ல பின்னல்.

அவை முப்பது நாற்பது ஆண்டு உழைத்தன. பிரம்பு அறுந்தது, கால் ஆடியது, சுழல் நாற்காலியும் பஞ்சு மெத்தையும் வந்தன. பழையவை மொட்டைமாடிக்கும் மிதிவண்டிக் கொட்டகைக்கும் போயின. பின்னர் விறகுக்கட்டையின் மதிப்பில் ஏலம் போடப்பட்டன. 1990-களின் இறுதியில் பாரிஸ் நகரப் பழம்பொருள் வணிகர் சிலர் அங்கே வந்தனர். ஏலத்தில் முறைப்படி கலந்துகொண்டு, முறைப்படி பணம் கட்டி, முறைப்படி இரசீது பெற்று, கொள்கலன்களில் ஏற்றிச் சென்றனர். அங்கே பழுது பார்த்து, பிரம்பு மாற்றி, மெருகேற்றி, யார் வடிவமைத்தது என்ற சீட்டையும் கட்டி வைத்தபோது அதே நாற்காலிகள் இலட்சக்கணக்கான ரூபாய்க்குப் போயின. செய்தி எட்டியபோது இங்கே கூக்குரல் எழுந்தது. சில ஏலங்களை நிறுத்த முயன்றும் பயன் இல்லை. நாற்காலிகளுக்கு வயது நூறாகவில்லை. ஆகவே தொல்பொருள் அல்ல. திருடப்பட்டவையும் அல்ல; இரசீது இருக்கிறது. 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்கவோ ஏலம் விடவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ கூடாதென்று ஆணையிட்டது. எஞ்சியவற்றை எண்ணியபோது 12,000-க்கும் மேற்பட்ட மரச்சாமான்கள் கணக்கில் வந்தன. 2016-இல் அந்நகரின் தலைமைக் கட்டட வளாகம் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. 2013-இல் ஏமி சீகல் என்னும் அமெரிக்கக் கலைஞர், செல்வர் மாளிகைகளில் கிடக்கும் இந்நாற்காலிகளில் தொடங்கி, ஏல மண்டபம், பழுது பார்க்கும் பட்டறை, கப்பல் என்று பின்னோக்கியே சென்று சண்டீகரில் முடியும் படம் ஒன்றை எடுத்தார். பிறகு அந்தப் படத்தையே இலண்டனில் ஏலம் விட்டார்! குறும்பு என்பதா, நியாயம் என்பதா?

பத்திரிகைகள் அந்நாளில் அதிகாரிகளின் அறியாமையைச் சாடின. நாம் அவ்வளவு எளிதில் கல்லெறிய மாட்டோம். ஏனெனில் கழித்துக் கட்டும் வேலையை நாமும் செய்திருக்கிறோம்.

நாம் இளநிலை எழுத்தராகச் சேர்ந்து ஐந்தாண்டு ஆகியிருந்த 2009-இல், நம் அலுவலகம் பழைய பொருள்களைக் கழிக்க முற்பட்டது. பட்டியல் எழுதும் பணி நமக்கு வந்தது. அரசு அலுவலகப் பணியில் இருக்கும் அன்பர்கள் அந்தப் படிவத்தை அறிவர். பொருளின் விவரம், எண்ணிக்கை அல்லது எடை, வாங்கிய விலை, வாங்கிய ஆண்டும் தற்போதைய நிலையும், கழிக்கும் முறை, குறிப்பு. செய்தவர் யார், வரைந்தவர் யார் என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை. இருக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியதும் இல்லை. வாங்கிய விலை தெரியாத பொருளுக்கு 'பதிவு இல்லை' என்று எழுதினால் போதும். அந்தப் பட்டியலில் 'மர நாற்காலி, பிரம்பு, கைப்பிடியுடன்' என்று நாற்பதுக்கு மேல் எழுதினோம். 'மர நாற்காலி, பிரம்பு, நீளமானது' என்று இரண்டு. நிலை: பயன்பாட்டுக்கு உதவாதவை. அந்நீளமான இரண்டையும் நாம் நின்று பார்த்ததுகூட இல்லை. மாடிப்படிக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தவற்றைத் தலையை நுழைத்து எண்ணினோம், அவ்வளவுதான். குழு கையொப்பமிட்டது. ஏலக்காரர் வண்டி கொண்டுவந்து எல்லாவற்றையும் எடைபோட்டு ஏற்றிச் சென்றார்.

ஒரு திங்கள் கழிந்தபின் அலுவலகத்துக்குப் பிரம்பு பின்னுபவர் வந்தார். இளைய அன்பர்களுக்கு இது புதிதாக இருக்கலாம்: அரசு அலுவலகங்கள் பலவற்றில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னும் வேலையைப் பார்வையற்ற கைவினைஞர்களே செய்து வந்தனர். முன்பின்னாகவும் குறுக்காகவும் நான்கு வரிசை, அதன்மேல் மூலைவாட்டில் இரண்டு வரிசை. துளைகளை விரலால் எண்ணியே ஓடும் அந்தக் கைகளைப் பார்த்து நாம் வேலையை மறந்து நின்றதுண்டு. வந்தவர் அறுபதைக் கடந்தவர். பின்ன வேண்டிய நாற்காலி இனி இல்லை என்று அவரிடம் சொல்லும் பொறுப்பும் நமக்கே வந்தது. சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "படிக்கட்டுக்குக் கீழே இருந்த நீள நாற்காலிகள் இரண்டுமா, பாபுஜி?" என்று கேட்டார். அவையும்தான் என்றோம். "அவற்றின் துளைகள் ஒன்றுகூடப் பிசகாது. போட்டவன் நல்ல கைக்காரன்" என்றார். வந்து போன செலவுக்கு ஏதேனும் தரலாமா என்று அலுவலகத்தில் கேட்டோம். அதற்கு விதி இல்லை என்றனர். நாமும் சட்டைப்பையில் கை விடவில்லை. அவர் போன பிறகுதான் அது தோன்றியது.

அவை ஜானரே நாற்காலிகள் என்று நாம் சொல்ல வரவில்லை; பெரும்பாலும் அல்ல. ஏதோ ஓர் ஒப்பந்தக்காரர் செய்து தந்த சாதாரணத் தேக்கு நாற்காலிகளாகவே இருந்திருக்கும். அவை எத்தன்மையன என்று கண்ணுள்ள நமக்குத் தெரியாது; கண்ணில்லாத அவருக்குத் தெரிந்திருந்தது. 2018-இல் அலுவல் நிமித்தம் சண்டீகர் சென்றபோது, ஐந்தாம் செக்டரில் ஜானரே வாழ்ந்த 57-ஆம் எண் வீட்டை அருங்காட்சியகமாக்கியிருப்பதை அறிந்து போய்ப் பார்த்தோம். அது திறக்கப்பட்டு அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. அங்கிருந்த நாற்காலிகளின் அருகே குனிந்து துளைகளைத்தான் முதலில் எண்ணினோம். காவலர் நம்மை ஐயத்தோடு பார்த்தார்.

இனி, வாங்கப் போகும் அன்பர்களுக்குப் பயன்படும் சிலவற்றைச் சொல்லுவோம். பழைய நாற்காலியில் பிரம்பு, சட்டத்தில் போட்ட தனித்தனித் துளைகள் வழியே கையால் பின்னப்பட்டிருக்கும். சட்டத்தைச் சுற்றிலும் ஒரு பள்ளம் வெட்டி, தறியில் நெய்த பிரம்புப் பாயை அதில் அழுத்திக் குச்சி வைத்து ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் பிற்கால வேலை. நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கக் கூசக் கூடாது. திருகாணியின் தலையில் நட்சத்திரம் போன்ற பிளவு இருந்தால், ஒன்று நாற்காலி புதியது, அல்லது பழுது பார்க்கப்பட்டது. தேய்மானம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று நோக்க வேண்டும்: கைப்பிடியின் முன்முனை வழுவழுப்பாகும், கால்களின் அடி ஈரத்துணி பட்டுப் பட்டுக் கறுத்துச் சிதையும். எல்லா இடமும் ஒரே சீராகப் 'பழசாக' இருந்தால் அது மணல்தாள் செய்த பழமை. சண்டீகர் நாற்காலிகளின் முதுகில் துறையின் பெயர்ச் சுருக்கமும் எண்ணும் வண்ணத்தால் எழுதப்பட்டிருக்கும் என்பது ஊரறிந்த செய்தியாகிவிட்டமையால், அவ்வெழுத்தையே போலியாக எழுதித் தருவோரும் உளர்.

புதிதாகச் செய்து, புதிது என்றே சொல்லி விற்பவரிடம் நமக்குப் பிணக்கில்லை. 2019-இல் இத்தாலி நிறுவனம் ஒன்று ஜானரேக்கு அஞ்சலி என்ற பெயரில் அவ்வடிவங்களை மறுபடி செய்து விற்கத் தொடங்கியது; நம் நாட்டுப் பட்டறைகளிலும் அவை ஏராளமாக உருவாகின்றன. இங்கிருந்த தச்சர்கள் இங்கிருந்த மரத்தில் செய்த வடிவம் மீண்டும் இங்கே செய்யப்படுவதில் குறை காண என்ன இருக்கிறது? நம் கடைக்காரரிடம் இரண்டாம் முறை சென்று மூன்றாவது நாற்காலியைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னோம். கவிழ்த்தார். சுற்றிலும் பள்ளம், உள்ளே ஒட்டிய பாய், நட்சத்திரத் திருகாணிகள். அவர் முகத்தில் சிறிதும் வாட்டமில்லை. "வடிவம் சண்டீகர் என்றுதானே சொன்னேன், பாபுஜி? நாற்காலி சண்டீகரிலிருந்து வந்தது என்று எப்போது சொன்னேன்?" என்றார். எண்ணிப் பார்த்தால் அவர் சொன்னது ஒரே ஒரு சொல்தான்.

நாம் வாங்கியது இரண்டாவதை. கைப்பிடி குட்டையானது, சாய்வு அளவானது, தேக்குத்தான் என்று மணத்தாலும் கனத்தாலும் தெரிந்தது. பின் இடக்கால் அரை விரற்கடை குறைவு. முதுகுச் சட்டத்தின் உட்புறம் வெள்ளை வண்ணத்தில் மூன்று இலக்க எண் ஒன்று பாதி அழிந்து நிற்கிறது. நடுவில் இருப்பது 4, மற்றவை படிக்க முடியவில்லை. ஏதோ ஓர் அலுவலகத்தின் பட்டியலிலிருந்து நம்மைப் போன்ற ஒருவர் கழித்தது. தொய்ந்திருந்த பிரம்பை அறுத்தெடுத்துவிட்டோம். ஓரத்துத் துளைகள் எண்பத்திரண்டு. அவற்றுள் இரண்டு பிசகியவை.

பிரம்பு பின்னுபவர் ஒருவரைத் தேட நான்கு வாரம் ஆயிற்று. கடைகளில் விசாரித்தால் பாயை ஒட்டித் தருவதாகவே எல்லாரும் சொன்னார்கள். பார்வையற்றோர் பயிற்சி நிலையம் ஒன்றில் முன்பு கற்பித்துவந்த முதியவர் ஒருவர் இசைந்திருக்கிறார். பிரம்பை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டு வைக்கவும், காலைக் கட்டை வைத்துச் சமன் செய்துவிட்டே தம்மை அழைக்கவும் கட்டளை. தந்தையார் வந்து பத்து நாள் ஆகிறது. இருக்கையில்லாத அந்தச் சட்டத்தை நாள்தோறும் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பக்கத்திலேயே தரையில் பாயை விரித்து அமர்ந்து செய்தித்தாள் படிக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருவதாகப் பின்னுபவர் சொல்லியிருக்கிறார்.